ரோபோவின் குறுக்கீடுகள்: வாசகர் கேள்வி–பதில்

இரண்டு சக்கர ரோபோ ஒன்றைக் கட்டும் முறை பற்றிய விடைகள் சென்ற இதழில் வெளியான பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. சென்சாரிலிருந்தும் டைமரிலிருந்தும் வரும் இன்டரப்டை, அதாவது குறுக்கீட்டை, எப்படிக் கையாள்வது என்பதே அந்த இடம். கேள்விகள் வெவ்வேறு பலகைகளைப் பற்றியவை என்றாலும் கோளாறின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். மைக்ரோகன்ட்ரோலர் கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கும் அந்தச் சிறிய நிரலுக்குள் அளவுக்கு மீறிய வேலையைத் திணித்துவிடுகிறோம், அல்லது அது குறித்து வைத்ததை முதன்மை நிரல் சரியாகப் படிப்பதில்லை. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் நான் தரும் எண்கள், ஆர்டுயினோ ஊனோ பலகையில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி சில்லுக்கு உரியவை.

கேள்வி: ஐயா, என் ரோபோவின் முன்பக்கத்தில் மோதல் சுவிட்ச் பொருத்தியிருக்கிறேன். சில நேரங்களில் உடனே நிற்கிறது. சில நேரங்களில் சுவரில் இடித்த பிறகும் அரை விநாடி தள்ளிக்கொண்டே இருக்கிறது. இன்டரப்ட் போடாமல் இது தீராது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: குறுக்கீடு இல்லாமலேயே தீரும். முதலில் உங்கள் நிரலில் 'டிலே' எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் நிரலில், விளக்கைச் சிமிட்டுவதற்காக மட்டும் 500 மில்லி விநாடி காத்திருக்கும் வரி ஒன்று இருக்கிறது. ரோபோ விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால், அந்த ஒரு காத்திருப்புக்குள் அது 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அவ்வளவு தூரமும் சுவிட்சை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் காத்திருப்புகளை எடுத்துவிட்டு, முதன்மைச் சுழற்சி 2 மில்லி விநாடிக்கு ஒரு முறை சுற்றி வரும்படி செய்தால், அதே வேகத்தில் இரண்டு பார்வைகளுக்கு இடையில் ரோபோ 1 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். மோதல் சுவிட்சுக்கு அது தாராளமாகப் போதும்.

குறுக்கீட்டை எங்கே வைக்கலாம் என்பதற்கு நான் இரண்டு சோதனைகளைக் கடைப்பிடிக்கிறேன். நிகழ்ச்சி உங்கள் சுழற்சி ஒரு சுற்று வருவதற்குள் வந்து மறைந்துவிடக் கூடியது என்றால் குறுக்கீடு வேண்டும். சக்கரம் சுழலச் சுழலத் துடிப்பு தரும் என்கோடரின் ஒவ்வொரு துடிப்பும் அப்படிப்பட்டது. நிகழ்ச்சி எந்தக் கணத்தில் நடந்தது என்பதே அளவீடாக இருந்தாலும் குறுக்கீடு வேண்டும். மீயொலி சென்சாரின் எதிரொலி அப்படிப்பட்டது. பேட்டரி மின்னழுத்தம், வெளிச்ச அளவு, விரல் அழுத்தும் பொத்தான் ஆகியவை இந்த இரண்டிலும் சேராதவை. அவற்றைச் சுழற்சியிலேயே பார்த்துக்கொள்வது எளிது, பிழை தேடுவதும் எளிது.

கேள்வி: தடையைக் கண்டவுடன் குறுக்கீட்டு நிரலுக்குள்ளேயே மோட்டாரை நிறுத்தி, 'தடை உள்ளது' என்று சீரியலில் அச்சிட்டு, 'டிலே' போட்டு 300 மில்லி விநாடி காத்திருந்து, பின்வாங்கும்படி எழுதினேன். ரோபோ சில நேரம் உறைந்து போகிறது. பலகை ஓடிய மில்லி விநாடிகளை எண்ணும் 'மில்லிஸ்' காட்டும் நேரமும் பின்தங்குகிறது. ஏன்?

பதில்: குறுக்கீடு வரும் கணத்தில் சில்லுக்குள் நடப்பதைத் தொடர்ந்து பார்த்தால் இதற்கான விடை தானாகவே கிடைக்கும். 2ஆம் எண் முனையில் மின்னழுத்தம் மாறியதும் அதற்குரிய கொடி, அதாவது நிகழ்ந்ததைக் குறிக்கும் ஒரு பிட், உயர்கிறது. சில்லு கையிலிருக்கும் கட்டளையை முடிக்கிறது. திரும்பி வர வேண்டிய முகவரியை ஸ்டாக் என்னும் தற்காலிக நினைவகப் பகுதியில் வைக்கிறது. பொதுக் குறுக்கீட்டு அனுமதி பிட்டைத் தானே அணைத்துவிடுகிறது. பிறகு உங்கள் நிரலுக்குத் தாவுகிறது. இதற்குக் குறைந்தது 4 கடிகாரத் துடிப்புகள், அதாவது கால் மைக்ரோ விநாடி ஆகும். இதில் அனுமதி பிட்டை அணைக்கும் படிதான் உங்கள் கோளாற்றுக்குக் காரணம். அனுமதி பிட் அணைந்திருப்பதால், உங்கள் நிரல் முடிந்து திரும்பும் வரை வேறு எந்தக் குறுக்கீடும் உள்ளே வர முடியாது.

'மில்லிஸ்' கணக்கும் ஒரு குறுக்கீட்டை நம்பித்தான் ஓடுகிறது. டைமர் 0 ஒவ்வொரு 1024 மைக்ரோ விநாடிக்கும் நிரம்பி வழிந்து, ஒரு குறுக்கீட்டை எழுப்பி, அந்தக் கணக்கைக் கூட்டுகிறது. நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது டைமர் நிரம்பினால் அதன் கொடி உயர்ந்து காத்திருக்கும். ஆனால் கொடி ஒன்றே ஒன்றுதான்; 'வந்தது' என்று சொல்லுமே தவிர, எத்தனை முறை வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. நீங்கள் 20 மில்லி விநாடி உள்ளே இருந்தால் ஏறத்தாழ 19 முறை டைமர் நிரம்பியிருக்கும், கணக்கில் ஏறுவது ஒன்றுதான். உங்கள் கடிகாரம் பின்தங்குவது இதனால்தான். 'டிலே' நம்பியிருக்கும் கடிகாரமே நின்று போயிருப்பதால், அது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை.

அச்சிடும் வரியிலும் இதே சிக்கல் இருக்கிறது. சீரியலுக்கான இடைநினைவு 64 பைட்டுகள் கொண்டது. அதைக் காலி செய்வதும் ஒரு குறுக்கீடுதான். அது நிரம்பிய நிலையில் குறுக்கீட்டு நிரலுக்குள்ளிருந்து அச்சிட்டால், பழைய லைப்ரரியில் நிரல் அங்கேயே நிரந்தரமாக நின்றுவிடும். புதிய லைப்ரரி ஒவ்வொரு எழுத்தும் வெளியேறும் வரை காத்திருக்கும். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லி விநாடி ஆகும்.

எனவே அந்த நிரலுக்குள் 'தடை வந்தது' என்ற மாறியை ஒன்றாக்கும் ஒரே வரியை மட்டும் வையுங்கள். மோட்டாரை நிறுத்துவது, செய்தி அச்சிடுவது, பின்வாங்குவது ஆகிய அனைத்தையும் முதன்மைச் சுழற்சி அந்த மாறியைப் பார்த்துச் செய்யட்டும். 300 மில்லி விநாடிக் காத்திருப்பை, தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கழித்துப் பார்க்கும் முறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: நேராக ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவின் ஒரு சக்கரம் திடீரென்று வெட்டி இழுக்கிறது. என்கோடர் எண்ணிக்கையைத் திரையில் பார்த்தேன். 253, 254, 511, 257 என்று ஒரே ஒரு முறை மட்டும் தவறாக வந்து, உடனே சரியாகிவிட்டது. மாறியை 'வாலடைல்' என்று அறிவித்திருக்கிறேன். என்கோடர் பழுதா?

பதில்: இந்தக் கடிதத்தை நான் மிகவும் விரும்பிப் படித்தேன், ஏனென்றால் நீங்கள் எழுதி அனுப்பிய அந்த நான்கு எண்களே கோளாற்றைக் காட்டிக்கொடுக்கின்றன. என்கோடர் பழுதாகவோ கம்பியில் இரைச்சலாகவோ இருந்தால் எண்ணிக்கை ஒன்றிரண்டாகக் கூடும், கூடியது கூடியபடியே நிற்கும். இங்கே ஒரே தாவலில் 256 கூடி, அடுத்த கணத்தில் காணாமல் போயிருக்கிறது. 256 என்பது ஒரு பைட்டின் எல்லை.

உங்கள் மாறி 16 பிட் கொண்டது. சில்லோ 8 பிட் சில்லு. ஆகவே முதன்மை நிரல் அந்த எண்ணை ஒரே மூச்சில் எடுக்க முடியாது. கீழ்ப் பைட்டை ஒரு கட்டளையிலும் மேல் பைட்டை அடுத்த கட்டளையிலும் எடுக்கிறது. எண்ணிக்கை 255 ஆக இருக்கும் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பைட்டில் 00000000, கீழ்ப் பைட்டில் 11111111. முதன்மை நிரல் கீழ்ப் பைட்டை எடுத்துவிட்டது. அதன் கையில் 11111111 இருக்கிறது. சரியாக அந்த இடைவெளியில் சக்கரம் ஒரு பல் நகர்ந்து குறுக்கீடு வருகிறது. குறுக்கீட்டு நிரல் எண்ணிக்கையை 256 ஆக்குகிறது. இப்போது மேல் பைட் 00000001, கீழ்ப் பைட் 00000000. குறுக்கீடு முடிந்து முதன்மை நிரல் திரும்பி வந்து மேல் பைட்டை எடுக்கிறது. பழைய கீழ்ப் பைட்டும் புதிய மேல் பைட்டும் ஒட்டிக்கொண்டு 00000001 11111111 ஆகின்றன. அந்த எண்தான் 511. நினைவகத்தில் இருந்த எண் எப்போதும் சரியாகவே இருந்தது. படித்தவர் பாதியைப் பழைய பக்கத்திலிருந்தும் பாதியைப் புதிய பக்கத்திலிருந்தும் படித்துவிட்டார்.

இந்த ஒரு தவறான வாசிப்பு சக்கரத்தை ஏன் வெட்டி இழுக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். உங்கள் வேகக் கணக்கு, 10 மில்லி விநாடிக்கு முந்தைய எண்ணை இப்போதைய எண்ணிலிருந்து கழிக்கிறது. ஒன்று அல்லது இரண்டு வர வேண்டிய இடத்தில் 257 வந்தால், சக்கரம் பைத்தியம் பிடித்து ஓடுகிறது என்று நம்பிக் கட்டுப்பாட்டு நிரல் மோட்டாரை அடக்குகிறது. அடுத்த சுற்றில் 257இலிருந்து 511ஐக் கழித்து, சக்கரம் பின்னோக்கி ஓடுவதாக முடிவு செய்து முழு விசையுடன் முன்னே தள்ளுகிறது. நீங்கள் கண்ட வெட்டு இந்த இரண்டும் சேர்ந்தது.

'வாலடைல்' இதைத் தீர்க்காது. அந்தச் சொல் கம்பைலரிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'இந்த மாறியின் மதிப்பு உனக்குத் தெரியாமல் மாறக்கூடும், ரெஜிஸ்டரில் பழைய பிரதியை வைத்துக்கொண்டு ஏமாறாதே, ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து எடு.' அது அவசியமான சொல். அது இல்லாவிட்டால், கொடிக்காகக் காத்திருக்கும் சுழற்சி என்றென்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் எடுப்பதை இரண்டாகப் பிரிக்காமல் எடு என்று அது சொல்லவில்லை.

தீர்வு சிறியது. படிப்பதற்கு முன் குறுக்கீடுகளை நிறுத்துங்கள்; எண்ணிக்கையை ஓர் உள்ளூர் மாறியில் படி எடுங்கள்; குறுக்கீடுகளை உடனே மீண்டும் திறந்துவிடுங்கள்; கணக்கு முழுவதையும் அந்தப் படியைக் கொண்டு செய்யுங்கள். மூடியிருக்கும் நேரம் ஒரு மைக்ரோ விநாடியைக் கூடத் தொடாது; அதற்குள் வரும் துடிப்பு கொடியாகக் காத்திருந்து பிறகு எண்ணப்படும். இந்த வேலையைப் பல இடங்களிலிருந்து அழைக்கப்படும் ஒரு செயற்கூறுக்குள் வைப்பதானால், கண்ணை மூடிக்கொண்டு 'திற' என்று எழுதாமல், முன்பு இருந்த நிலையைக் குறித்து வைத்து அதையே திருப்பி வையுங்கள். ஏற்கெனவே மூடியிருந்த ஓரிடத்திலிருந்து அந்தச் செயற்கூறை அழைக்கும்போது, கதவை நீங்கள் திறந்துவிட்டுப் போகக் கூடாது.

32 பிட் சில்லுக்கு மாறினால் இந்தத் தொல்லை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு 32 பிட் எண்ணைப் படிக்கும்வரை அது சரி. இடது சக்கர எண்ணிக்கையும் வலது சக்கர எண்ணிக்கையும் ஒரே கணத்துக்கு உரியனவாக இருக்க வேண்டும் என்றால், அங்கேயும் மூடித்தான் படி எடுக்க வேண்டும்.

கேள்வி: சுவிட்சை ஒரு முறை அழுத்தினால் குறுக்கீடு ஐந்தாறு முறை வருகிறது. மோட்டார் ஓடும்போது யாரும் தொடாமலேயே வருகிறது.

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். முதலாவது, சுவிட்சின் உலோகத் தகடுகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் துள்ளுவதால் வருவது. அந்த முனையின் குறுக்கீட்டை விட்டுவிட்டு, 5 மில்லி விநாடிக்கு ஒரு முறை டைமர் குறுக்கீட்டில் சுவிட்சைப் பார்த்து, தொடர்ந்து நான்கு முறை ஒரே நிலையில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, மோட்டாரின் மின்னோட்ட இரைச்சல் நீளமான கம்பியில் ஏறுவதால் வருவது. சில்லுக்குள் இருக்கும் இழுப்பு மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலானது. நீளமான கம்பிக்கு அது மிகவும் தளர்வானது. வெளியே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்து, சுவிட்ச் கம்பியை மோட்டார் கம்பிகளிடமிருந்து விலக்கிக் கொண்டு செல்லுங்கள். மோட்டாரின் முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வையுங்கள். வன்பொருளில் தீர்க்க வேண்டியதை நிரலில் மூடி மறைத்தால், அது வேறொரு சென்சாரில் தலைகாட்டும்.

கேள்வி: பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் பிஐடி கட்டுப்பாட்டைச் சரியாக 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஓட்ட விரும்புகிறேன். 'மில்லிஸ்' போதுமா, டைமர் குறுக்கீடு வேண்டுமா? டைமர் 1ஐ அமைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து சர்வோ மோட்டார் நடுங்குகிறது.

பதில்: 'மில்லிஸ்' ஓரளவுக்குப் போதும், அதன் இயல்பை அறிந்து பயன்படுத்தினால். அதன் அடிப்படைத் துடிப்பு 1 மில்லி விநாடி அல்ல, 1.024 மில்லி விநாடி. இந்தச் சிறு வேற்றுமை சேர்ந்துகொண்டே போவதால், ஏறத்தாழ 42 மில்லி விநாடிக்கு ஒரு முறை கணக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டாகத் தாவிச் சரிசெய்துகொள்ளும். ஆகவே 'நேரம் சரியாக 10க்குச் சமமா' என்று ஒப்பிடும் நிரல், அந்த எண்ணைத் தாண்டிச் சென்ற நாளில் வேலையைத் தவறவிடும். 'பத்தும் அதற்கு மேலுமா' என்றுதான் கேட்க வேண்டும். மெதுவாக நகரும் ரோபோவுக்கு இந்த அளவு துல்லியம் போதுமானது. இரண்டு சக்கரத்தில் நின்று சமன் செய்யும் ரோபோவுக்கு டைமர் குறுக்கீட்டையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அங்கே இடைவெளியின் ஒழுங்கின்மை நேரடியாகச் சாய்வின் வேகக் கணக்கில் பிழையாக ஏறிவிடும்.

டைமர் 1ஐ நீங்கள் அமைத்த கணக்கு சரியே. 16 மெகாஹெர்ட்ஸை 64ஆல் வகுத்தால் விநாடிக்கு 2,50,000 துடிப்புகள்; 10 மில்லி விநாடிக்கு 2500 துடிப்புகள்; சுழியிலிருந்து எண்ணுவதால் ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் 2499. இந்த ஒன்றைக் கழிக்க மறப்பவர்கள் பலர். ஆனால் ஊனோவில் சர்வோ லைப்ரரி நம்பியிருப்பதும் அதே டைமர் 1தான். ஒரே கடிகாரத்தின் முள்ளை இருவர் திருப்புவதால் சர்வோ நடுங்குகிறது. டைமர் 0ஐத் தொட்டால் 'மில்லிஸ்', 'டிலே' இரண்டும் கெடும். மிஞ்சியிருப்பது டைமர் 2.

அது 8 பிட் டைமர் என்பதால் 10 மில்லி விநாடியை நேராக எண்ண வராது. 1024ஆல் வகுத்தால் விநாடிக்கு 15,625 துடிப்புகள், 10 மில்லி விநாடிக்கு 156.25, அந்தக் கால் துடிப்பை எங்கும் வைக்க முடியாது. 128ஆல் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு 1,25,000 துடிப்புகள், 1 மில்லி விநாடிக்குச் சரியாக 125. ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் 124ஐ வைத்து, குறுக்கீட்டு நிரலில் பத்து வரை எண்ணினால் துல்லியமான 10 மில்லி விநாடி கிடைக்கும். இதற்கு விலையாக 3, 11 ஆகிய முனைகளின் பிடபிள்யூஎம் வசதியையும் (துடிப்பின் அகலத்தை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), ஒலியெழுப்பும் 'டோன்' கட்டளையையும் இழப்பீர்கள். சர்வோ லைப்ரரியால் 9, 10 ஆகிய முனைகளிலும் பிடபிள்யூஎம் போய்விடும். எனவே மோட்டாரின் வேகக் கம்பிகளை டைமர் 0க்கு உரிய 5, 6 ஆகிய முனைகளில் வையுங்கள். பலகையில் கம்பி இணைக்கும் முன்பே, எந்த டைமர் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. என் மேசையில் எப்போதும் அப்படி ஒரு தாள் இருக்கும்.

பிஐடி கணக்கை அந்தக் குறுக்கீட்டு நிரலுக்குள் செய்ய வேண்டாம். தசம எண் பெருக்கலுக்கு இந்தச் சில்லில் தனி வன்பொருள் இல்லை. நான்கைந்து பெருக்கல்களே பல பத்து மைக்ரோ விநாடிகளை விழுங்கும். அந்நேரம் என்கோடர் துடிப்புகள் வாசலில் காத்திருக்கும். குறுக்கீட்டு நிரல் 'நேரமாயிற்று' என்று சொன்னால் போதும். அதையும் ஆம், இல்லை என்ற கொடியாக வைக்காமல், கூடிக்கொண்டே போகும் எண்ணாக வையுங்கள். முதன்மைச் சுழற்சி பார்க்கும்போது அந்த எண் ஒன்று கூடியிருந்தால் எல்லாம் ஒழுங்கு. இரண்டு கூடியிருந்தால் ஒரு தவணையை நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள், சுழற்சியில் ஏதோ ஒன்று 10 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். கொடியாக வைத்திருந்தால் இந்தச் செய்தி உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

கேள்வி: ஹெச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சாரைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ரோபோ தயங்குகிறது.

பதில்: நீங்கள் பயன்படுத்தும் 'பல்ஸ்இன்' கட்டளை, எதிரொலி வந்து முடியும் வரை சில்லை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. ஒலி சென்று திரும்ப ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 58 மைக்ரோ விநாடி ஆகும்; 4 மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கு 23 மில்லி விநாடி. எதுவுமே வராவிட்டால் அந்தக் கட்டளை இயல்பாக ஒரு விநாடி வரை காத்திருக்கும்.

எதிரொலிக் கம்பியின் இரண்டு விளிம்புகளிலும் குறுக்கீடு வரும்படி வையுங்கள். ஏறும் விளிம்பில் 'மைக்ரோஸ்' நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கும் விளிம்பில் கழித்து, விடையை ஒரு மாறியில் வைத்து, 'புதிய அளவு வந்தது' என்று குறியுங்கள். 58ஆல் வகுக்கும் வேலை முதன்மைச் சுழற்சியுடையது. 'மைக்ரோஸ்' 4 மைக்ரோ விநாடிப் படிகளில்தான் நகரும் என்றாலும், அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையே. 10 மைக்ரோ விநாடித் தூண்டல் துடிப்பை 60 மில்லி விநாடிக்கு ஒரு முறை மட்டும் அனுப்புங்கள். அதற்கு முன் அனுப்பினால் பழைய எதிரொலியைப் புதியதாக எண்ணிவிடக் கூடும். 2, 3 ஆகிய முனைகளை என்கோடர்கள் எடுத்துக்கொண்டிருந்தால், மற்ற முனைகளுக்கு நிலைமாற்றக் குறுக்கீடு உண்டு. அது ஒரு குழுவில் ஏதோ ஒரு முனை மாறியது என்று மட்டுமே சொல்லும். எது மாறியது என்பதை முந்தைய நிலையோடு ஒப்பிட்டு நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: இஎஸ்பி32க்கு மாறினேன். வேகம் பல மடங்கு கூடியது. ஆனால் அமைப்புகளை ஃபிளாஷில் சேமிக்கும்போது மட்டும் என்கோடர் குறுக்கீடு வந்தால் பலகை மறுதொடக்கம் ஆகிறது.

பதில்: அந்தச் சில்லில் நிரல் வெளிப்புற ஃபிளாஷில் இருந்து, கேச் என்னும் வேக நினைவகம் வழியாக ஓடுகிறது. ஃபிளாஷில் எழுதும் நேரத்தில் கேச் மூடப்படுகிறது. அப்போது ஓட வேண்டிய குறுக்கீட்டு நிரலும், அது அழைக்கும் செயற்கூறுகளும், தொடும் மாறிலிகளும் உள்நினைவகத்தில் இருக்க வேண்டும். உங்கள் குறுக்கீட்டு நிரலுக்கு, உள்நினைவகத்தில் வைக்கச் சொல்லும் 'ஐரேம்' அடையாளத்தை இட்டிருக்கிறீர்கள். அது அழைக்கும் துணைச் செயற்கூறுக்கு இடவில்லை. அதுவே காரணம். மேலும், இந்தச் சில்லில் இரண்டு கருக்கள் இருப்பதால், ஒன்றில் குறுக்கீட்டை மூடினால் மற்றொன்றில் மூடாது. படி எடுக்கும் இடங்களில், ஒரு கரு உள்ளே இருக்கும்போது மற்றதைக் காத்திருக்க வைக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டு வேண்டும்.

கேள்வி: மோட்டார் தண்டிலேயே 500 கோடுகள் கொண்ட என்கோடரைப் பொருத்தியிருக்கிறேன். மெதுவாக ஓடும்போது எண்ணிக்கை சரி. வேகமாக ஓடினால் குறைகிறது.

பதில்: கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு கம்பிகளிலும் ஒரு கோட்டுக்கு வரும் நான்கு விளிம்புகளையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2000. மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழன்றால், விநாடிக்கு 3,33,000க்கும் மேற்பட்ட குறுக்கீடுகள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 3 மைக்ரோ விநாடி. ஆர்டுயினோவின் வழக்கமான முறையில் ஒரு குறுக்கீட்டுக்குள் போய் வெளியே வர மட்டுமே ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி ஆகும். எவ்வளவு திறமையாக எழுதினாலும் இந்தக் கணக்கு நேராகாது. மாறாக, 11 துடிப்பு என்கோடரும் 30க்கு 1 பல்சக்கரப் பெட்டியும் கொண்ட மோட்டாரில், ஒரு கம்பியின் இரு விளிம்புகளை எண்ணினால் சக்கரச் சுற்றுக்கு 660. விநாடிக்கு மூன்று சுற்று சுழலும் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 3960. ஒவ்வொன்றும் 10 மைக்ரோ விநாடி எடுத்தாலும் சில்லின் நேரத்தில் 4 விழுக்காடுதான்.

இந்தப் பாரம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவது என்பதால் அளந்து பார்ப்பதே நல்லது. குறுக்கீட்டு நிரலின் முதல் வரியில் ஓர் ஓய்ந்த முனையை உயர்த்தி, கடைசி வரியில் தாழ்த்துங்கள். லாஜிக் அனலைசரில் அந்த முனை எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிக்கொண்டிருந்த அப்போலோ 11 கலத்தின் கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியதற்கும் இத்தகைய மறைமுகப் பாரமே காரணம். அந்நேரத்துக்குத் தேவைப்படாத சந்திப்பு ரேடாரின் இணைப்பிலிருந்து வந்த துடிப்புகள் கணினியின் எண்ணிகளை இடைவிடாமல் தட்டின. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நினைவகச் சுற்றைத் திருட, மொத்த நேரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதிலேயே போயிற்று. முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு முக்கியமானவற்றை மட்டும் மீண்டும் தொடங்கும்படி அந்த நிரல் எழுதப்பட்டிருந்ததால் கலம் இறங்கியது.

உங்கள் என்கோடருக்கு வழி, எண்ணும் வேலையை வன்பொருளிடம் விடுவது. எஸ்டிஎம்32 வரிசையின் டைமர்களில் என்கோடர் முறை என்றே ஒன்று உண்டு. இஎஸ்பி32இல் துடிப்பு எண்ணி உண்டு. நிரல் 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை அந்த எண்ணைப் படித்தால் போதும்.

கேள்வி: அவசர நிறுத்தப் பொத்தானை மிக உயர்ந்த முன்னுரிமை உள்ள குறுக்கீட்டில் வைத்திருக்கிறேன். நிரல் உறைந்தாலும் மீள்வதற்காக, குறித்த நேரத்துக்குள் மீட்டமைக்காவிட்டால் சில்லை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக்கை 1 மில்லி விநாடி டைமர் குறுக்கீட்டுக்குள் மீட்டமைக்கிறேன். இது பாதுகாப்பானதா?

பதில்: இரண்டுமே பாதுகாப்பானவை அல்ல, ரோபோவின் அருகில் ஆட்கள் நிற்பார்கள் என்பதால் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏடிமெகாவில் வெளிக் குறுக்கீடு 0 முகவரிப் பட்டியலில் மீட்டமைப்புக்கு அடுத்து இருப்பதால் முன்னுரிமை பெற்றது உண்மைதான். ஆனால் அந்த முன்னுரிமை, ஒரே நேரத்தில் காத்திருக்கும் குறுக்கீடுகளில் யார் முதலில் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு குறுக்கீட்டு நிரலை அது நிறுத்தாது. ஏதாவது ஓரிடத்தில் குறுக்கீடுகளை மூடிவிட்டு நிரல் உறைந்தால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அவசர நிறுத்தம் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே வெட்ட வேண்டும், சில்லின் சம்மதம் இல்லாமல். பொத்தானின் ஒரு தொடுமுனை மோட்டார் மின்வழியை, அல்லது அதைத் தாங்கும் ரிலேயை, நேரடியாகத் துண்டிக்கட்டும். இரண்டாவது தொடுமுனை சில்லுக்குச் சென்று, நிறுத்தம் நடந்தது என்ற செய்தியைத் தரட்டும்.

வாட்ச்டாக் விஷயத்தில், முதன்மைச் சுழற்சி எங்கோ மாட்டிக்கொண்டு நின்றாலும் டைமர் குறுக்கீடு ஒவ்வொரு மில்லி விநாடியும் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். அது வாட்ச்டாக்கை மீட்டமைத்துக்கொண்டே இருக்கும் வரை, செத்துப்போன நிரல் உயிரோடு இருப்பதாகவே வாட்ச்டாக் நம்பும். மீட்டமைக்கும் வரி முதன்மைச் சுழற்சியில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். அதுவும், என்கோடர் வாசிப்பு, பிஐடி கணக்கு, தடைச் சோதனை ஆகிய மூன்றும் அந்தச் சுற்றுக்குரிய தம் வேலையை முடித்துத் தத்தம் அடையாளத்தை இட்ட பிறகே ஓட வேண்டும். வாட்ச்டாக் காலத்தை 8 விநாடி வரை நீட்டிக்க இந்தச் சில்லு இடம் தரும். நகரும் ரோபோவுக்கு அவ்வளவு வேண்டாம், 120 மில்லி விநாடியை ஒட்டிய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் ஆனதும் நிரல் செய்யும் முதல் வேலை, மோட்டார் முனைகளைத் தாழ்த்துவதாக இருக்கட்டும். சில்லு விழித்தெழும் அந்தச் சிறு இடைவெளியில் முனைகள் மிதந்துகொண்டிருக்கும் என்பதால், மோட்டார் டிரைவரின் அனுமதிக் கம்பியைத் தரைக்கு இழுக்கும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் பலகையில் சேர்த்துவிடுங்கள்.